ஜெர்மனியில் ஒரு திண்டுக்கல்

இது நடந்தது போன புரட்டாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஜெர்மனியில், கோட்டைச் சுவர் சுற்றி வளைத்த ஒரு சின்ன ஊரில். ஊரின் பெயர் டிங்கல்ஸ்ப்யூல். எங்கள் மகன் எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தும் என் வீட்டுக்காரர் வாயில் அது நுழையவே இல்லை. "திண்டுக்கல்னு வச்சுக்குவோம்டா, அம்புட்டுத்தான்" என்று முடித்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த ஊர் திண்டுக்கல்தான்.

நாங்கள் மதுரைக்காரர்கள். வீடு காளவாசல் பக்கம், வயல் வாடிப்பட்டியில். தினமும் ஒரு நடை வயலுக்குப் போய் மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் பாய்வதைப் பார்த்துவிட்டு வந்தால்தான் என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கும். அப்படிப்பட்ட மனிதரைக் கிளப்பி ஜெர்மனிக்குக் கூட்டிக்கொண்டு போனதே பெரிய கதை. மகன் அங்கே ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறான். லீவு போட்டு, பழைய கோட்டை ஊர்களையெல்லாம் காரிலேயே சுற்றிக் காட்டுவதாகச் சொல்லியிருந்தான். கடைசி நேரத்தில் ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை, சனி ஞாயிறுகூட வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

"அடுத்த தடவ பாத்துக்கலாம்ப்பா" என்றான்.

இவர் விடுவாரா? "கார் சாவியக் குடு. காளவாசல் சிக்னல்ல ஓட்டுறவனுக்கு உலகத்துல எங்க வேணாலும் ஓட்டத் தெரியும்" என்றார். வெளிநாட்டில் ஓட்டுவதற்கான லைசென்ஸை ஊரிலிருந்து கிளம்பும்போதே வாங்கி வைத்திருந்தார் மனுஷன். மனதில் எப்போதோ திட்டம் போட்டிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மகன் வீட்டுப் பக்கத்துத் தெருக்களில் ஓட்டச் சொல்லிப் பார்த்து, மனசே இல்லாமல் சாவியைக் கொடுத்தான்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போன முதல் பயணம் அதுதான். நம்ம ஊரில் எங்கே கிளம்பினாலும் வண்டி நிறைய ஆள் ஏறிவிடும். காதுகுத்து, கல்யாணம், குலசாமி கும்பிடு என்று எல்லாமே கூட்டத்தோடுதான். அங்கே பின் சீட் காலியாகக் கிடந்தது எனக்கு முதலில் ஒரு மாதிரியாகவும், கொஞ்ச நேரத்தில் சந்தோஷமாகவும் இருந்தது. அந்த ஊரில் வண்டிகள் சாலையின் வலது பக்கம் போகும். அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் "வலது, வலது" என்று சொல்வது என் வேலை. வீட்டில் நான் சொல்வதைக் கேட்காத மனுஷன் அந்த இரண்டு நாள் அப்படிக் கேட்டார்.

முதலில் போனது ரோத்தன்பர்க். சனிக்கிழமை ராத்திரி அங்கேயே தங்கினோம். அடடா, அதை எப்படிச் சொல்ல! ஊரைச் சுற்றிக் கோட்டைச் சுவர், உடையாமல், அப்படியே நிற்கிறது. சுவரின் மேல் மரக்கூரை போட்ட நடைபாதை. அதில் ஏறி நடந்தால் ஒரு பக்கம் சிவப்பு ஓட்டு வீடுகள், இன்னொரு பக்கம் பள்ளத்தாக்கு. வீட்டுச் சுவர்களில் மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. ஒவ்வொரு ஜன்னலிலும் பூத்தொட்டி. பூவைப் பார்த்தால் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் இது எந்தக் கடைப் பக்கம் இருக்கும் என்று தேடத் தோன்றுகிறது எனக்கு. இவரோ சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"நம்ம மதுரைக்கும் இந்த மாதிரிக் கோட்டை இருந்துச்சுல்ல? அத இடிச்சுத்தான வெளி வீதியே போட்டாங்க. இவங்க பாரு, ஒரு கல்லக் கூடத் தூக்கிட்டுப் போகாம வச்சிருக்காங்க" என்றார். வயலைத் தவிர வேறு எதையும் புகழ்ந்து பேசாத வாய் அது.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவருக்குச் சுகர். நம்ம ஊரில் நீரிழிவு என்றெல்லாம் யாரும் சொல்வதில்லையே. "அவருக்குச் சுகர்" என்றால் போதும், இலையில் கேசரி வைக்க வந்த கை தானாகப் பின்னால் போய்விடும். நான் இவர் விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. டீயில் சர்க்கரை கிடையாது, சோறு அளவுதான். சொந்தக்காரர்கள் என்னைப் போலீஸ்காரி என்று கேலி செய்வார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

ரோத்தன்பர்க் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் உருண்டை உருண்டையாக ஒரு பலகாரம் அடுக்கி வைத்திருந்தார்கள். மாவை நாடா நாடாவாக வெட்டி, பந்து போலச் சுருட்டி, பொரித்து, மேலே வெள்ளைச் சர்க்கரைப் பொடியைக் கொட்டியிருந்தார்கள். பனிப்பந்து என்று பெயராம். இவர் அந்தக் கடை வாசலிலேயே நின்றுவிட்டார். சின்னப்பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்த்தார். எனக்கும் மனசு இளகிவிட்டது. இரண்டு பேர் மட்டும் வந்த பயணம், இந்த ஒரு தடவை போனால் போகிறது என்று நினைத்தேன்.

"ஒரே ஒண்ணு. ஆனா மாத்திரை ஒண்ணு கூடப் போட்டுக்கணும்" என்றேன்.

எங்கள் பக்கம் கல்யாண வீடுகளில் இது சகஜம். பந்தியில் உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து, "இன்னைக்கு ஒண்ணு கூடப் போட்டுக்குவோம் மாப்ள" என்று முழுங்கிவிட்டு ஜாங்கிரியில் கை வைப்பார்கள். டாக்டரிடம் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. காலையில் போட்டது போக இன்னொரு மாத்திரையை என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். அவர் பனிப்பந்தில் பாதிதான் தின்றார். "பாக்கத்தான் அழகா இருக்கு, நம்ம முறுக்கு கிட்ட வராது" என்று மீதியை என்னிடம் தந்துவிட்டார்.

கல்யாண வீட்டில் மாத்திரைக்குப் பின்னால் இலை நிறையச் சாப்பாடு வரும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

சுவர் மேல் நடந்து, ஊரெல்லாம் சுற்றி, கிளம்பவே மதியம் ஆகிவிட்டது. திண்டுக்கல்லில் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றார். வாடிப்பட்டியிலிருந்து நிஜத் திண்டுக்கல் போகிற தூரம்தான் இருக்கும். வழியில் ஒரு கிராமத்து ஓட்டலில் நிறுத்தினோம். சமையல் முடிந்துவிட்டது, இனி சாயங்காலம்தான் என்று கைகூப்பாத குறையாகச் சொன்னார்கள். அந்த நாட்டில் மதியச் சாப்பாட்டுக்கும் நேரம் உண்டு, அது தாண்டினால் அடுப்பை அணைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வழியில் கடைகளும் பூட்டிக் கிடந்தன. "ஒரு வேளை தானே" என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த சோளக்காடு, நடுவே கண்ணாடி மாதிரி ரோடு. பேசிக்கொண்டே வந்தவர் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டார். கார் மெதுவாக இடது பக்கம் ஏறியது. பழக்க தோஷம் என்று நினைத்து "ஏங்க, வலது!" என்றேன். திருப்பினார். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் இடது பக்கம். எதிரே ஒரு டிராக்டர் வந்துகொண்டிருந்தது. நான் கத்திய கத்தலில் வெடுக்கென்று திருப்பினார். டிராக்டர்காரர் ஓரம் கட்டி நிறுத்தி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். இவர் முகத்திலோ எந்தச் சலனமும் இல்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். ஊர் வந்துவிட்டது, நிறுத்தி ஒரு காபி குடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

கோட்டை வாசல் வழியாக உள்ளே போய், ஒரு பெரிய சர்ச்சுக்கு முன்னால் காரைக் கோணல்மாணலாக நிறுத்தினார். இறங்கினார். சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கோபமாகக் கேட்டார்.

"மோட்டார் ரூம் சாவி எங்க?"

நான் சிரித்துவிட்டேன். விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"சிரிக்காத. மும்முனைக் கரண்டு வந்துருச்சு. எடு சாவிய, கரண்டு போறதுக்குள்ள பாய்ச்சணும்."

அவர் கண்கள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் எங்கோ வாடிப்பட்டி வயலைப் பார்த்துக்கொண்டிருந்தன. கையைப் பிடித்தேன், பனிக்கட்டி மாதிரி இருந்தது. அந்தக் குளிரில் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இரண்டடி நடந்தார், கால் பின்னியது. சர்ச் படிக்கட்டில் எப்படியோ உட்கார வைத்தேன். தலை என் தோளில் சாய்ந்தது. "ஏங்க, ஏங்க" என்று கன்னத்தில் தட்டுகிறேன், ஏதோ முனகுகிறார்.

மொழி தெரியாத ஊர், ஞாயிற்றுக்கிழமை, தெருவில் ஈ காக்கை இல்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. மகனுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. தெரிந்த கொஞ்ச இங்கிலீஷும் எங்கோ ஓடிவிட்டது. "யாராவது வாங்களேன்!" என்று தமிழிலேயே கத்தினேன்.

சர்ச்சுப் பக்கத்துச் சந்திலிருந்து ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். என் வயதுதான் இருக்கும். கத்தரித்த நரைமுடி, தோளில் ஒரு தோல் கைப்பை. என் சத்தம் கேட்டுச் சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். ஜெர்மன் மொழியில் ஏதோ கேட்டார். என் வாயில் வந்தது ஒரே வார்த்தை.

"சுகர்! சுகர்!"

அவர் முகம் மாறியது. "ட்சுக்கர்?" என்று கேட்டார். இவரைக் காட்டி மறுபடியும், "ட்சுக்கர்?"

வார்த்தை ஒரே மாதிரி இருக்கிறதே என்று வேகமாகத் தலையாட்டினேன். அடுத்த நொடி அவர் இவருடைய நெற்றி வியர்வையைத் துடைத்துப் பார்த்தார். கைப்பையின் உள் பையில், தேடாமலே, நேராகக் கையை விட்டு ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். பிரித்தால் சாக்பீஸ் நிறத்தில் சதுரச் சதுரமான வெள்ளைக் கட்டிகள். ஒன்றை இவர் வாயருகே கொண்டு போனார்.

அது இனிப்பு என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த அம்மாவின் கையைத் தட்டிவிட்டேன். கட்டி படியில் விழுந்து உடைந்தது.

"நோ! நோ! அவருக்குச் சுகருங்க! இனிப்புக் குடுக்கக் கூடாது!"

"டோஹ்!" என்றார் அவர்.

"நோ!"

"டோஹ்!"

இரண்டாவது கட்டியை எடுத்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருடம் காவல் காத்த வாய் அது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சர்க்கரையைத் திணிக்கிறார் என்றால் எப்படி விடுவேன்? இவரைக் கொல்லப் பார்க்கிறார் என்றே நினைத்துவிட்டேன். சர்ச் வாசலில் இரண்டு பெண்கள், நடுவில் சாய்ந்து கிடக்கும் ஒரு மனுஷன். யாராவது பார்த்திருந்தால் சண்டை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபம் இல்லை அதில். என் கையிலிருந்து தன் கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை. இன்னொரு கையால் என் கன்னத்தைத் தொட்டு, கண்ணுக்கு நேராகப் பார்த்து, மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி, அதே வார்த்தையைச் சொன்னார். "டோஹ்."

என் பிடி தளர்ந்துவிட்டது. ஏன் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கண்கள் கெடுதல் செய்யாது என்று மட்டும் தோன்றியது.

கட்டியை இவர் கன்னத்துக்குள் வைத்து, தாடையை மெல்லத் தடவிவிட்டார். கரைந்ததும் இன்னொன்று. ஒரு கையால் போனை எடுத்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். நான் மீனாட்சியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சில நிமிடங்களில் நான் வேண்டிக்கொண்ட வேண்டுதல்களையெல்லாம் இன்னும் ஒவ்வொன்றாகச் செய்து முடித்துக்கொண்டிருக்கிறேன்.

மெல்ல மெல்ல இவர் கையில் சூடு வந்தது. கண்ணைத் திறந்தார். சர்ச்சைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எதுக்கு அழுகுற? திண்டுக்கல் வந்துருச்சா?" என்றார்.

நான் தேம்பித் தேம்பி அழுதேன். அந்த அம்மாவும் என்னோடு சேர்ந்து அழுதார்.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து விரலில் குத்திப் பார்த்தார்கள். அதற்குள் மகன் திரும்பக் கூப்பிட்டுவிட்டான். போனை அவர்களிடம் கொடுத்தேன். சுகர் ஏறவில்லை, ரொம்ப இறங்கியிருந்தது என்று அவன் சொன்னபோதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் சுகர் ஏறித்தான் பார்த்திருக்கிறேன். இறங்கினாலும் உயிரை எடுக்கும் என்று டாக்டர் சொல்லியிருப்பார், அது என் காதில் ஏறவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நான் கையைப் பிடித்துக்கொண்டே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கூட ஒரு மாத்திரை போட்டதைச் சொன்னதும் மகன் போனிலேயே தலையில் அடித்துக்கொண்டான். இவர் இன்று வண்டி ஓட்டக் கூடாது, உடனே வயிறாரச் சாப்பிட வேண்டும், மகன் வந்ததும் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்று ஆம்புலன்ஸ்காரர்கள் சொன்னார்கள்.

சாப்பாட்டுக்கு எங்கே போவது என்று நான் விழித்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து எழுப்பி, பக்கத்துத் தெருவில் இருந்த தன் வீட்டுக்கு எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார். ஆம்புலன்ஸ்காரர்களும் கூடவே வந்து, இவர் சாப்பிட்ட பிறகு மறுபடியும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போனார்கள். புரட்டாசி, கறி சாப்பிட மாட்டோம் என்று மகன் போனில் சொன்னதும், அடுப்பில் இருந்த சூப்பை அப்படியே ஓரம் வைத்துவிட்டு, உருளைக்கிழங்கை வேகவைத்து, வெண்ணெய் போட்டு, ரொட்டியோடு கொடுத்தார். இவர் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து ரசித்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். முன்பின் தெரியாத ஒருவருடைய கணவனுக்கு இப்படிப் பரிமாற ஒரு மனசு வேண்டும்.

மகன் போனில் ஸ்பீக்கரில் இருந்தான். நான் கேட்பதை அங்கேயும், அவர் சொல்வதை இங்கேயும் மாற்றி மாற்றிச் சொன்னான். 'டோஹ்' என்றால் என்னடா என்று முதலில் அதைத்தான் கேட்டேன்.

"நம்ம இல்லன்னு சொன்னா, 'அதெல்லாம் கெடையாது, ஆமா'ன்னு அடிச்சுச் சொல்றதும்மா. தமிழ்ல ஒரே வார்த்தையில வராது" என்றான். ட்சுக்கர் என்றால் சர்க்கரை என்றும், அந்த ஊர்க்காரர்களும் இந்த வியாதியை நம்மைப் போலவே 'அவருக்குச் சர்க்கரை' என்றுதான் சொல்வார்கள் என்றும் சொன்னான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இங்கிலீஷில் நான் டயாபடீஸ் என்று சரியாகச் சொல்லியிருந்தால்கூட அந்த அம்மாவுக்கு அவ்வளவு சீக்கிரம் புரிந்திருக்குமோ என்னவோ.

"இவங்களுக்கு எப்பிடித் தெரியும்னு கேளு. நர்ஸா?"

கேட்டான். பதில் வந்தது. "இல்லம்மா. அவங்க வீட்டுக்காரருக்கும் சுகராம். அவருக்கு அடிக்கடி இப்பிடி இறங்கிருமாம்."

"அவரு எங்க? காணோமே?"

நான் கேட்டதை அவன் சொல்வதற்கு முன்னாலேயே அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. சுவரில் இருந்த போட்டோவைக் காட்டினார். மீசை வைத்த, சிரித்த முகம்.

"அவரு எறந்து சில வருசம் ஆச்சாம்மா" என்றான் மகன்.

எனக்கு இன்னொரு கேள்வி இருந்தது. கேட்கக் கூடாது என்று தெரியும். ஆனாலும் நாற்காலியில் மாட்டியிருந்த கைப்பையைக் கை காட்டினேன். அந்தப் பொட்டலம் இன்னும் ஏன் இருக்கிறது என்பதைக் கண்ணாலேயே கேட்டேன்.

அந்த அம்மா மேஜைத் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். மகன் அதைத் தமிழில் சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான்.

"எடுத்துப் போட மனசு வரலையாம்மா. பை மாத்தும்போதெல்லாம் அதையும் சேத்து மாத்திருவாங்களாம். தேதி முடிஞ்சுட்டா..." நிறுத்திவிட்டு மறுபடியும் தொடங்கினான். "தேதி முடிஞ்சுட்டா, பழசத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கி வச்சிருவாங்களாம்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த இவர் கையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். நான் எழுந்து போய் அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டேன். நன்றி சொல்ல எந்த மொழியும் வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் மகன் ரயிலும் பஸ்ஸுமாக மாறி வந்து எங்களைக் கூட்டிப் போனான். ஊர் திரும்பியதும் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டோம். இப்போது எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்தில் யார் மாத்திரையை எடுத்தாலும் நான் போய் முன்னால் நிற்கிறேன். என் கைப்பையிலும் குளுக்கோஸ் கட்டிகள் இருக்கின்றன.

போன வாரம் வாடிப்பட்டிக்குப் போகும் வழியில், பையில் சில்லறை தேடும்போது அந்தப் பொட்டலம் இவர் கண்ணில் பட்டது. "நான் போயிட்டா இத என்ன செய்வ? நீயே தின்னு தீத்துருவியா?" என்று வழக்கம்போலக் கேலி செய்தார்.

"வச்சிருப்பேன்" என்றேன். "தேதி முடிஞ்சா புதுசு வாங்கி வைப்பேன்."

அவரே அந்தப் பொட்டலத்தை எடுத்துப் பைக்குள் பத்திரமாக வைத்தார்.

தன் கணவர் மேல் அந்த அம்மா வைத்திருந்த பிரியத்தில் மிச்சமிருந்த இரண்டு கட்டிகள்தான் இன்று என் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டிக்கொண்டு வருகின்றன என்று நினைக்கும்போதெல்லாம், போட்டோவில் மட்டுமே பார்த்த அந்த மீசைக்காரருக்கும் சேர்த்து மீனாட்சியிடம் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.